ஜவானுக்குச் சாயம் பூசாதீர்கள்

கேம்ப்பிலும் அதைச் சுற்றியும் வாழும் நம்மவர்களில், பட்டாளத்திலோ கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ தேகு ரோடு டிப்போவிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர். அவர்களுடைய டிரங்குப் பெட்டியில் பழைய எச்.எம்.டி. கடிகாரம் ஏதும் கிடந்தால் டயலில் உள்ள பெயரைப் பாருங்கள். 'ஜவான்' என்றிருந்தால், தயவுசெய்து அதைப் 'புதுசு பண்ண' கொடுத்துவிடாதீர்கள்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியுடன் 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் 'ஜனதா'வை அறியாதவர் இல்லை. 'பைலட்'டுக்கு இன்று ஏகக் கிராக்கி. ஜவானைத்தான் அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. வழக்கமான மணி எண்களுக்கு உள்ளே 13 முதல் 24 வரை இன்னொரு வட்டம். மாலை ஆறை 1800 என்று சொல்லிப் பழகியவர்களுக்கு வசதி. 17 கற்கள், தினம் சாவி கொடுக்க வேண்டும், பேட்டரி கிடையாது.

டயலில் 'பாராஷாக்' என்று இருக்கிறதே, அது வெறும் அலங்காரம் அல்ல. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது பாலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சு முனைதான். அதைத் தாங்கும் கல்லை ஒரு சிறு ஸ்பிரிங் பிடித்திருக்கும். அடிபட்டால் கல் சற்றே நகர்ந்து, பிறகு தன் இடத்துக்கே வந்துவிடும். அதற்காக, 1983-ல் வந்த ஜி-ஷாக் என்று எண்ணி மாடியிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டாம்! தண்ணீரும் ஆகாது.

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்பின் பழைய கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். சாயம் பூசும் வேலையும் பெருகியது. மூன்று கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாக்கி, தொழிற்சாலை காணாத நிறத்தில் டயல் தீட்டி, 'புத்தம் புதுசு' என்று விற்கிறார்கள். பூதக் கண்ணாடியில் பார்த்தால் தடித்த எழுத்தும் நேர்கோட்டில் நில்லாத நிமிடக் கோடுகளும் காட்டிக் கொடுத்துவிடும்.

விற்பவன் செய்தால் வியாபாரம். அப்பாவின் கடிகாரத்துக்கு நாமே அதைச் செய்யலாமா? பழுப்பேறிய டயல் அவர் கட்டியிருந்த காலத்தின் அடையாளம். சுரண்டிவிட்டால் காசு கொடுத்தாலும் திரும்பாது. சேகரிப்பவனும் அதற்குத்தான் மதிப்புக் கொடுப்பான்.

சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். தேவையானால் மெயின் ஸ்பிரிங்கையும் வாரையும் மாற்றலாம். டயலையும் முட்களையும் தொடவே கூடாது. எந்த ஊரில் வேலையிலிருந்தபோது வாங்கியது என்று பெரியவரிடமே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். கண்ணாடி கீறியிருந்தால் கவலை வேண்டாம். பிளாஸ்டிக்தானே, பற்பசை வைத்துத் தேய்த்தாலே பாதி தெளிந்துவிடும்.