கட்டணம் இல்லை, பேருந்தும் இல்லை
இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

அரசு கலைக் கல்லூரியில் படிக்கச் செலவே இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதில் பொய்யில்லை. 2007-08ஆம் கல்வியாண்டிலிருந்து அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் இளநிலை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. 2010-11இலிருந்து முதுநிலைக்கும் நீக்கப்பட்டது. நான் விண்ணப்பித்த ஆண்டில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் குறைந்த பணத்தில் கல்லூரிக் கதவு திறக்கிறது. "இதற்கு மேலும் படிக்க வராதவன் சோம்பேறிதான்" என்ற பேச்சை நம் கல்லூரி மரத்தடியிலேயே கேட்டிருக்கிறேன். மாணவ நண்பர்கள் மட்டுமல்லர், ஆசிரியப் பெருமக்கள் சிலரும் அவ்வாறு எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்திற்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் மாநிலத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47, பீகாரில் 17.1. முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் என் போன்றவர்கள் இந்த 47க்குள்தான் இருக்கிறோம். நன்றி மறப்பதற்கில்லை. ஆனால் இது மாநிலம் முழுவதற்குமான சராசரி. ஆய்வகத்தில் பல அளவீடுகளைச் சராசரி எடுத்தால் பிழை குறையும் என்று கற்கிறோம். மக்களைச் சராசரி எடுத்தாலோ மாவட்டங்களே மறைந்துபோகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவு கன்னியாகுமரியில் 91.75 விழுக்காடு. எங்கள் தருமபுரியில் 68.54. மாநிலத்திலேயே கடைசி. ஒரே அரசு, ஒரே பாடநூல், ஒரே கட்டணச் சலுகை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு?

பல்கலைக்கழகங்கள் தோன்றிய ஆண்டுகளைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். சென்னைக்கு 1857இல் பல்கலைக்கழகம் வந்தது. சிதம்பரத்திற்கு 1929, மதுரைக்கு 1966. கோவையும் திருச்சியும் 1982 வரையிலும், திருநெல்வேலி 1990 வரையிலும் காத்திருந்தன. சேலம், தருமபுரிப் பகுதிக்கென்று பெரியார் பல்கலைக்கழகம் அமைந்தது 1997இல். சென்னைக்குப் பின் 140 ஆண்டுகள்! அதுவரை எங்கள் பக்கத்து மாணவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தார்கள். ஒரு சான்றிதழில் திருத்தம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போய்வர வேண்டும். போக்குவரத்துச் செலவு, தங்கும் செலவு, இழந்த கூலி இவற்றையெல்லாம் யாரும் கல்விக் கட்டணம் என்று பெயரிட்டு வாங்கவில்லை. ஆயினும் வாங்கத்தான் செய்தார்கள்.

இன்றும் அதே கதைதான், தூரம் மட்டும் குறைந்திருக்கிறது. எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில், தார்ச் சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மாணவர்க்கு இலவசப் பயண அட்டை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அட்டையைக் காட்ட அரசுப் பேருந்து வர வேண்டுமே! காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தவறவிட்டால் தனியார் பேருந்து. அதில் அட்டை செல்லாது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது நல்ல காரியம். அதுவும் பேருந்து வரும் ஊருக்கே பயன்படும்.

இதற்கு மாறாக, காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ஊர் முனைக்கு ஒரு மஞ்சள் பேருந்து தவறாமல் வந்து நிற்கிறது. தனியார் கல்லூரியின் பேருந்து அது. வீட்டு வாசலிலிருந்து ஏற்றிச் சென்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கறவை மாட்டை விற்றாவது அங்கே சேர்க்கிறார்கள். கட்டணமில்லாத கல்லூரிக்குப் பேருந்து இல்லை. பேருந்து உள்ள கல்லூரிக்குக் கட்டணம் உண்டு. நகரத்தில் கல்லூரிக்கு நடந்து வரக்கூடிய குமாஸ்தாவின் மகன் காசின்றிப் படிக்க, மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைப்பவர் பணம் கட்டிப் படிக்க வைக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010இல் வந்த கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்கானது. எனவே தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்த அவர் மகளுக்கு அதுவும் இல்லை. இந்த முரண்பாட்டைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாமா?

அடுத்தது இரண்டாம் ஷிப்ட். இடங்களைப் பெருக்குவதற்காக அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் வைத்தார்கள். நோக்கம் உயர்ந்தது. அதனால் எத்தனையோ பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இடம் யாருக்குப் பயன்படுகிறது? என்னோடு பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஓர் அரசுக் கல்லூரியில் கணிதத்தில் இரண்டாம் ஷிப்டில் இடம் கிடைத்தது. வகுப்பு மாலை ஆறரைக்கு முடியும். அவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஆறு பத்துக்குப் புறப்படும். கடைசி வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவாள். ஓடினால் வருகைப் பதிவு போகும். ஓடாவிட்டால் வீட்டில் திட்டு விழும். ஒரு பருவம் முடிந்ததும் அவள் தந்தை நிறுத்திவிட்டார். இப்போது திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் வேலை செய்கிறாள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கும் வந்தது. ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் ஆறு பத்து பஸ் ஆறு ஐம்பதுக்குப் புறப்படாது. இருபது நிமிடத்தில் ஒரு பட்டம் போயிற்று.

விடுதியில் சேரலாமே என்பார்கள். அரசு விடுதி உண்டு, இடங்கள் குறைவு. கல்லூரி விடுதி மாணவர்க்கான உணவுப் படி 2023இல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. நாளொன்றுக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை உணவு! (விடுதி நண்பர்கள் இவ்விடத்தில் சிரிப்பார்கள், சாம்பாரைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.)

நாம் எந்தப் பாடம் படிக்கிறோம் என்பதையும் ஊர்தான் தீர்மானிக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல், புவியியல், புள்ளியியல் என்று துறைகள் உண்டு. சிற்றூர்க் கல்லூரிகள் பலவற்றில் தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணினி அறிவியலோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. இருக்கும் துறைகளிலும் ஆசிரியர் போதவில்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அவ்வளவு இடங்கள் காலியாகக் கிடந்திருக்கின்றன என்றுதானே பொருள்? அந்த வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்களே தாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கவலையோடு அவர்கள் நடத்தும் வகுப்பில்தான் நான் மின்காந்தவியல் கற்றேன். நன்றாகவே கற்றேன். குறை அவர்களுடையதன்று.

வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கி அப்பணத்தைப் பின்தங்கிய ஊர்களுக்குச் செலவிட்டால் என்ன என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அரசு கலைக் கல்லூரிக்கு வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களைப் பிரித்தெடுக்க வருமானச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றுக்காகத் தாலுக்கா அலுவலகத்தில் நிற்கப்போவது எங்கள் அப்பாக்கள். என் அப்பா ஓசூரில் கட்டட வேலை செய்கிறார். ஒரு சான்றிதழுக்கு அவருக்கு இரண்டு நாள் கூலி நட்டம். கட்டணம் இல்லாமையே இருக்கட்டும். அதைப் பெற்றதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

பெரிய திட்டங்களைக் கேட்க இந்த மலர் இடமன்று. நம் கல்லூரியிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேர்க்கையின்போது சாதி கேட்கிறோம், வருமானம் கேட்கிறோம், இரத்த வகைகூடக் கேட்கிறோம். "உன் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்து, தொலைவிலிருந்து வருவோர்க்கு முதல் ஷிப்டில் முன்னுரிமை தரலாம். இரண்டாம் ஷிப்டின் செய்முறை வகுப்புகளைக் காலைக்கு மாற்றலாம். விடைகளைத் தொகுத்து, எந்தத் தடத்தில் எத்தனை மாணவர் என்ற கணக்கோடு முதல்வர் ஐயா பணிமனைக்கு எழுதினால், மாணவர்கள் எழுதும் மனுவைவிட அதற்கு மதிப்பு இருக்கும். சென்ற பருவத்தில் நாங்கள் அறுபத்திரண்டு பேர் கையொப்பமிட்டுக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் தடவாரியான பட்டியலைத் தயாரித்துத் தர எங்கள் வகுப்பு ஆயத்தமாக இருக்கிறது.