பிள்ளைகளுக்கும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்

"பிரஷர்" என்பது வயோதிபருக்கு வரும் வருத்தம் என்றே எம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். சத்வாவில் ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் குடும்பங்களில் பிள்ளையொன்று தலையிடி என்று சொன்னால், வெயிலைக் காரணம் காட்டுவோம்; கைத்தொலைபேசியைக் குறை கூறுவோம்; படிப்புக்குக் கள்ளம் என்றும் ஏசுவோம். பனடோல் கொடுத்துப் படுக்க வைப்பதோடு விடயம் முடிந்துவிடுகின்றது. அந்தப் பிள்ளையின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தோர் எத்தனை பேர்?

சிறுவரின் உயர் இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரகமே பல வேளைகளில் காரணமாகின்றது. 1898ஆம் ஆண்டு சுவீடனில் டிகர்ஸ்டெட், பேர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளொன்றைப் பிரித்து, அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். உடலில் அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் ரெனினைச் சுரக்கின்றது. அதன் விளைவாக இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. அழுத்தம் சீரானதும் சுரப்பு அடங்கிவிடும்.

மிக அரிதாக, ரெனினைச் சுரக்கும் கலங்களிலேயே சிறு கட்டியொன்று தோன்றுகின்றது. அது அடங்குவதில்லை, ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். இந்நோய் 1967இல் முதன்முதலாக மருத்துவ உலகில் விபரிக்கப்பட்டது. பதின்ம வயதினரையும் இளவயதினரையுமே இது பெரிதும் தாக்குகின்றது. தலையிடி, சத்தி, பார்வை மங்கல் ஆகியன இதன் அறிகுறிகள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் உடற்சோர்வும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும் ஏற்படலாம். கவனியாது விட்டால் கண், மூளை, இருதயம் மூன்றுமே பாதிக்கப்படும்.

ஆனால், இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அன்று. கண்டறிந்து சத்திரசிகிச்சை மூலம் அகற்றினால், பெரும்பாலானோருக்கு அழுத்தம் வழமைக்குத் திரும்புகின்றது. வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டிய பிள்ளை நோயின்றி வாழலாம். இவ்வாறு குணப்படுத்தக்கூடிய ஒரு நோயை, அளந்து பார்க்காத ஒரே காரணத்தால் வளர விடுவது நியாயமாகுமா?

அரிய நோயொன்றைக் கூறிப் பெற்றோரை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. சிறுநீரகக் குழாய்ச் சுருக்கம், பழைய சிறுநீர்த் தொற்றின் தழும்பு முதலிய வேறு காரணங்களும் இதே அளவீட்டினாலேயே வெளிப்படுகின்றன. மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொரு தடவை அளக்க வேண்டுமென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வலியுறுத்தியது.

விசாச் சிக்கலும் காப்புறுதி இன்மையும் எம்மவரை வைத்தியசாலை வாசலை மிதிக்க அஞ்சச் செய்கின்றன என்பதை அறிவோம். எனினும் அழுத்தம் அளக்கப் பெருஞ்செலவு இல்லை. சில நிமிடங்களே போதும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையாயின், அங்குள்ள தாதியிடம் கேளுங்கள். கையிற் சுற்றும் பட்டி பிள்ளையின் கைக்கு அளவானதா என்றும் கேளுங்கள். பெரியவரின் பட்டி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி நோயை மறைத்துவிடும். முதல் அளவு கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். வேறு நாட்களிலும் அளக்கச் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் கூடுதலாகவே இருந்தால் "வயது போகப் போகச் சரியாகும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சிறுநீரகத்தைப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் வற்புறுத்துங்கள்.

எமது சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் முதியோர் மட்டுமே வரிசையில் நிற்கின்றனர். அடுத்த முகாமில் சிறுவருக்கான பட்டியும் ஒன்று இருக்கட்டும். பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கட்டும்.