காற்றடைத்த படகும் கழிக்கப்படும் கூலியும்



மழைக்காலம் பிறந்ததும் பத்திரிகையிலும் கைப்பேசியிலும் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. தெருவில் தேங்கிய வெள்ளத்தில் ஒருவர் காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார். ‘மும்பையின் மனவுறுதி’ என்று கீழே புகழாரம். ‘கயாக்’ என்னும் அந்தச் சிறுபடகில் வேலைக்குப் போகிறவர்கள் மேலை நாடுகளில் இருக்கிறார்கள். காற்றடித்தால் படகு, காற்றை இறக்கிவிட்டால் முதுகுப் பை. தெளிந்த ஆறும், இறங்கக் கரையும், உடைமாற்ற அறையும் உள்ளவர்கள் போகட்டும். அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

ஆனால் அந்தப் படத்தைக் காட்டி, ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு, நீ மட்டும் ஏன் வேலைக்கு வரவில்லை?’ என்று நம்மைக் கேட்கிறார்களே, அங்கேதான் வழக்கு!

நாம் கடக்கும் தண்ணீர் எது? விஹார், பவாய் ஏரிகளின் மிகுநீராகப் புறப்பட்டு, குர்லாவையும் தாராவியையும் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் மிட்டி ஆற்றின் தண்ணீர். பெயர்தான் ஆறு. ஓடுவதோ சாக்கடையும் பட்டறைக் கழிவும். அதையொட்டிய சதுப்பு நிலத்தைத் தூர்த்துத்தான் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் வந்தது. 2017 ஆகஸ்ட் 29-இல் காரைவிட்டு இறங்கி நடந்த ஒரு பெரிய மருத்துவரே திறந்துகிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து மாண்டார். மருத்துவருக்கே அந்தக் கதி என்றால், விடியுமுன் பாத்திரம் தேய்க்கப் போகும் நம் பெண்களுக்கு என்ன காவல்?

லோக்கல் வண்டி ஏன் நிற்கிறது என்பது ரயிலில் வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும். மோட்டார் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. தண்டவாளம் மூழ்கினால் சிக்னலும் கெடுகிறது. 2019 ஜூலையில் வாங்கணி அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை மீட்க ரப்பர் படகுகள் வந்தன. படகின் உண்மையான வேலை அதுதான்: உயிர் காப்பது. கூலி வெட்டாமலிருக்க ஏழை தன் செலவில் வாங்கிச் சுமக்கவேண்டிய சாமான் அல்ல அது!

பெங்களூரிலும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியபோது கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் போனார்கள். குடியிருப்புகளுக்குள் படகு ஓடியது. பலருக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பெருக்குவதையும் துடைப்பதையும் வீட்டிலிருந்தே செய்ய முடியுமா? வேலை நடக்கும்வரை ‘நீ எங்கள் வீட்டுப் பெண்’ என்பார்கள்; மழை நாளில் கூலி கேட்டால் முகம் மாறும். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார்!

போக்குவரத்து நின்று வரமுடியாத மத்திய அரசு ஊழியருக்கு, தூரத்தில் குடியிருந்தால், சிறப்புத் தற்செயல் விடுப்புக் கொடுக்க விதியில் இடமுண்டு. அரசு தன் குமாஸ்தாவுக்கு ஒப்புக்கொண்ட நியாயம், மூட்டை தூக்குபவனுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் ஏன் இல்லை?

‘சில்லறை முதலாளி எப்படித் தாங்குவான்?’ என்று கேட்பார்கள். வழி இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டப்படி, சுமைக்கூலிக்கு மேல் முதலாளியிடம் தீர்வை வசூலித்து, வாரியத்தின் வழியாகத் தொழிலாளிக்கு விடுப்பும் வைப்புநிதியும் வழங்கப்படுகின்றன. அதே முறையில் வெள்ளநாள் நிதி ஒன்றை ஏற்படுத்தக்கூடாதா?

மாநகராட்சியையும் விடமாட்டோம். மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கணக்கிட்டுக் கட்டிய பழைய வடிகால்களை 50-க்கு உயர்த்தச் சொன்ன அறிக்கை 1993-இலேயே வந்துவிட்டது. வெள்ளம் வருமுன் அணை கோலாதவர்கள், வெள்ளம் வந்த பின் நம் மனவுறுதியைப் பாராட்டுவது பித்தலாட்டம்!

ஆகவே கேட்கிறோம்: லோக்கல் நின்ற நாளுக்கு முழுக் கூலி! ஒவ்வொரு சாக்கடைக் குழிக்கும் மூடிக்குக் கீழே இரும்பு வலை! மழைக்கு முன்பே தூர்வாரி, வார்டு வார்டாகக் கணக்கு!

கேட்டால் மட்டும் கிடைத்துவிடாது. கையில் கணக்கு வேண்டும். ஒவ்வொரு சாலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வண்டி நின்ற தேதி, நேரம், போகமுடியாதவர் பெயர், வெட்டப்பட்ட கூலி ஆகிய நான்கையும் எழுதுங்கள். மராத்தி, பிகாரி, தெலுங்குத் தோழர்களின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வெள்ளம் மொழி பார்த்துப் புகுவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்த நோட்டுகளைச் சுமந்துகொண்டு வார்டு அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போவோம்!