மருந்துக்குக் கணக்குக் கேட்டால் பாவமா?

திருவள்ளூரில் குடிகொண்டிருக்கிற சுவாமிக்கு வைத்திய வீரராகவர் என்று பெயர். அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் அங்கே போய்க் குளத்தில் வெல்லத்தைப் போட்டுக் கரைக்கின்றார்கள். வெல்லம் கரைவதுபோல வியாதியும் கரைந்துபோகுமாம். இதுவரை எத்தனை பேருக்குக் கரைந்தது, கரையாமல் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்திருக்கின்றார்களா? கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். போகட்டும், அது நம்பிக்கைச் சரக்கு, அதற்குக் கணக்கு இருக்க முடியாது. ஆனால் கடையில் ரசீது போட்டு விற்கிற மருந்தையும், டாக்டர் சீட்டெழுதிக் கொடுக்கிற மருந்தையும்கூட, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிற புத்தி நம் மக்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதுவும் அந்தக் குளக்கரையிலிருந்து வந்ததுதான் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

2025ஆம் வருஷம் நடந்த சங்கதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஜில்லாவை அடுத்த காஞ்சிபுரம் ஜில்லாவில், சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா என்கின்ற ஒரு சிறு கம்பெனி ‘கோல்ட்ரிஃப்’ என்கின்ற இருமல் மருந்தைக் காய்ச்சிற்று. அது மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவுக்குப் போயிற்று. சளி, காய்ச்சல் என்று வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. மூத்திரக்காய் கெட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்கின்ற விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாக நம்முடைய தமிழ்நாட்டுச் சோதனைச் சாலையே கண்டுபிடித்துச் சொல்லிற்று. அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1. பாதிப் புட்டி விஷம் என்றால் அதை மருந்து என்று எப்படிச் சொல்லுவது?

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற தோழர்களுக்கு ரசாயன டிரம் என்றால் என்ன என்று நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புராப்பிலீன் கிளைக்கால் என்று ஒரு திரவம் உண்டு. பெயின்டு முதலிய தொழில்களுக்கு உபயோகிப்பது ஒரு தரம். மருந்தைக் கரைக்க உபயோகிப்பது வேறு தரம். இரண்டாவது விலை அதிகம், சோதனைச் சான்றோடு வர வேண்டும். முதலாவது மலிவு. மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கக்கூடும். அது நிறமற்றது, இனிப்பானது, நாக்கால் கண்டுபிடிக்க முடியாதது. ஆகவே டிரம்மை உடைத்தவுடன் ஒரு துளி எடுத்துச் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் ஊற்றினால் வெல்லப்பாகு போலவே இருக்கும். தாய் ஊட்டுவாள், குழந்தையும் சப்புக்கொட்டிக் குடிக்கும்.

இது புதிதாக வந்த ஆபத்தா என்றால் அதுவுமில்லை. 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் கலந்த மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வருஷமே அந்தத் தேசத்தார், மருந்தை விற்பதற்கு முன்னால் அது அபாயமற்றது என்று காட்ட வேண்டும் என்று சட்டம் செய்துகொண்டார்கள். 1972இல் நம் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே இதே விஷத்தால் பிள்ளைகள் செத்தார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் செத்தார்கள். லெண்டின் என்கின்ற நீதிபதி விசாரித்து, ஆஸ்பத்திரி முதல் மந்திரி வரையில் யார் யார் எப்படிக் கடமை தவறினார்கள் என்று பெரிய அறிக்கை எழுதினார். 2022இல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்கின்ற ஏழைத் தேசத்துக் குழந்தைகள், இந்தியாவில் செய்த மருந்து காரணம் என்று சந்தேகிக்கப்பட்டு, எழுபது பேர் வரையில் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் 2025இல் ஒரு கம்பெனி டிரம்மைச் சோதிக்காமல் ஊற்றுகின்றது என்றால், அதைத் தலைவிதி என்பவன் முட்டாள் அல்லது கூட்டாளி.

உத்தியோகஸ்தர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 2025 அக்டோபர் 1ந் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தி, இரண்டும் விடுமுறை. அப்படியிருந்தும் நம் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவார் உடனே போய்ச் சோதித்து, ஓரிரு நாளில் முடிவு சொல்லி, விற்பனையைத் தடுத்தார்கள். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் அந்தப் பாராட்டே ஒரு கேள்வியாகவும் ஆகிவிடுகின்றது. அந்தத் தொழிற்சாலையில் 364 குறைகள் கண்டார்களாம். அவற்றில் 39 மிகக் கடுமையானவையாம். 364 குறையும் ஒரே ராத்திரியில் முளைக்குமா? 2011இல் லைசென்சு வாங்கி 2016இல் புதுப்பித்துக்கொண்ட கம்பெனி அது. இரண்டு வருஷமாக முறையாகப் போய்ப் பார்க்கவில்லை என்று இரண்டு ஆய்வாளர்களைச் சர்க்காரே சஸ்பெண்டு செய்தது. இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2024 டிசம்பரில் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, மருந்துச் சோதனைகள் வைத்த இலக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த வருஷங்கள் உண்டு என்று எழுதியிருந்தது. அந்த அறிக்கையை யார் படித்தார்கள்? ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க மறவாத தேசத்தில், இயந்திரத்துக்குள் ஊற்றுகிற சரக்கைப் பார்க்க மட்டும் ஆள் இல்லாமல் போய்விடுகின்றது!

சர்க்காருக்கு வழி தெரியாது என்று சொல்லவும் இடமில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதில் நடந்த ஊழல் நாறிப்போன பிறகு, 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் போட்டு வாங்குவது. ஜில்லாவுக்கு ஜில்லா கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ் புத்தகம், அதில் ஒதுக்கிய தொகை, எடுத்த மருந்து, மீதி எல்லாம் வரவு செலவாக எழுதுவது. கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, நம்பர் போட்டுச் சோதனைச் சாலைக்கு அனுப்புகின்றார்கள். தேறினால்தான் நோயாளிக்கு. இன்னார் சரக்கு என்று சோதிப்பவருக்கே தெரியாது. கேரளமும் ராஜஸ்தானமும் இதைப் பார்த்துத் தங்கள் மாகாணங்களில் ஏற்படுத்திக்கொண்டன. பகுத்தறிவுக்கு ஒத்த ஏற்பாடு என்றால் இதுதான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சோதித்துக் கொடுக்கிற சர்க்கார் மாத்திரையை நம் ஜனங்கள் “தர்ம மாத்திரை, வேலை செய்யாது” என்று குப்பையில் போடுகின்றார்கள். சோதிக்காத புட்டியைப் பளபளப்பான பெட்டியைப் பார்த்துக் காசு கொடுத்து வாங்குகின்றார்கள். ஓசியில் வந்தால் மட்டம், விலை கொடுத்தால் உசத்தி! காணிக்கை அதிகமானால் பலன் அதிகம் என்கின்ற கோயில் புத்திதான் இது, வேறென்ன? சர்க்கார் வாங்குகிற மருந்துக்கு ஒரு சல்லடையும், கடையில் விற்கிற மருந்துக்கு வேறொரு ஓட்டைச் சல்லடையும் ஏன் என்று கேட்க வேண்டியவர்கள், சர்க்கார் மாத்திரையை ஏளனம் செய்துகொண்டிருக்கின்றார்கள்.

இனி மருந்துச் சீட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். புரோகிதர் மந்திரம் சொல்லுகின்றார். தட்சணை கொடுக்கிறவனுக்கு ஒரு எழுத்தும் விளங்காது. டாக்டர் சீட்டும் அப்படித்தான் இருக்கின்றது. மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதி செய்தது. 2023 ஆகஸ்டில் இன்னும் கண்டிப்பாக, பொதுப் பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் தண்டனை என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி செய்து, டாக்டர்கள் சங்கத்தார் கூச்சல் போட்டவுடன் அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டது. பொதுப் பெயர் எழுதினால் கடைக்காரன் மட்டச் சரக்கைக் கொடுத்துவிடுவான் என்று டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கின்றது என்றே நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். சல்லடை ஓட்டை என்றால் அதை அடைக்கும்படி அல்லவா அவர்கள் கூச்சல் போட்டிருக்க வேண்டும்?

கம்பெனிப் பெயரை எழுதுவதில் வேறு ருசியும் இருக்கின்றது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரி 22ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு சத்து மருந்தைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டெலிவிஷன், குளிர்ப் பெட்டி முதலியவை கொடுத்த செலவு 4 கோடியே 72 லட்சம் ரூபாய். அதை வியாபாரச் செலவாகக் கழித்துக்கொண்டு வருமான வரி குறைக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டது. கோர்ட்டு மறுத்துவிட்டது. டாக்டர் வாங்கக் கூடாது என்று 2009இலேயே விதி இருக்கும்போது, கொடுத்தவன் மாத்திரம் யோக்கியனாவானா என்பதே தீர்ப்பின் சாரம். அந்தக் குளிர்ப் பெட்டியின் விலை யார் தலையில் விழுகின்றது? உருக்காலையில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு, மகளுக்கு டானிக் வாங்கிப் போகிற தொழிலாளியின் தலையில்தான்.

அந்தத் தொழிலாளியின் பணத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். ஈ.எஸ்.ஐ. வைத்தியம் தர்மம் என்று எண்ணிக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறவர்கள் இருக்கின்றார்கள். 1948இல் சட்டமாகி வந்த இந்தத் திட்டத்தில், 2019 ஜூலையில் வைத்த கணக்குப்படி தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்ட வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 112 ரூபாய் 50 பைசா, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 பைசா, ஆக 600 ரூபாய்; வருஷத்துக்கு 7,200. ஒரு பட்டறையில் நூறு பேர் என்றால் வருஷத்துக்கு ஏழு லட்சத்து இருபதினாயிரம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஒப்பந்தத் தோழன், காண்டிராக்டர் தன் பெயரில் பணம் கட்டினானா என்று பார்த்திருக்கின்றானா? கட்டியிருந்தாலும், மருந்தகத்தில் என்ன மருந்து இருக்கின்றது, என்ன இல்லை என்று அவனுக்குத் தெரிந்த பாஷையில் எழுதிய பலகை உண்டா? 2022 ஜனவரியில் திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரனுக்குத் திருவள்ளூருக்குப் போவதைவிட ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நிற்பது சுலபம். இது படத்தைப் பார்த்தாலே தெரிகிற சங்கதி.

ஊர்ப் பணமும் இருக்கின்றது. 15வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையில் உள்ளூர் ஸ்தாபனங்களின் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் என்று இந்தியா முழுமைக்கும் ஒதுக்கிற்று. துணைச் சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், வட்டாரத்தில் பரிசோதனைக்கூடம் முதலியவைகளுக்கு உள்ளது அது. பஞ்சாயத்து கேட்டுப் பார்க்க வேண்டிய பணம். ஆனால் நம் ஜில்லாவில் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரி 5ந் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போயிற்று. செலவு செய்கிறவரும் உத்தியோகஸ்தர், சரிபார்க்கிறவரும் உத்தியோகஸ்தர் என்றால், அதற்கு மேற்பார்வை என்று பெயர் வைப்பது எதற்காக?

“ஜனங்களுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? எல்லாவற்றையும் நிபுணர்களிடம் விடுங்கள்” என்று சில படித்த கனவான்கள் சொல்லுகின்றார்கள். 1920களில் பனகல் அரசர் மந்திரி சபை கோயில் சொத்துக்களுக்குக் கணக்குக் கேட்கச் சட்டம் கொண்டுவந்தபோது, வைதிகர்கள் இதே பாட்டைத்தான் பாடினார்கள். பூஜை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. உண்டியல் பணம் எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். நாமும் எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருந்து என்று டாக்டருக்குச் சொல்லப் போவதில்லை. மாதிரி எடுத்தீர்களா, முடிவு என்ன, பணம் எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று கேட்பதற்கு வைத்தியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமா? 1939இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் செய்துகொண்ட மாகாணம் இது. அதன் குடிகள் இதைக்கூடக் கேட்க அஞ்சுவது வெட்கம்.

ஆகவே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தோழர்களுக்குச் சொல்லுகின்றோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மருந்து இருப்பையும் பாஸ் புத்தகத்துக் கணக்கையும் மாதாமாதம் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். நம் ஜில்லாவில் மருந்து செய்கிற கம்பெனிகள் எத்தனை, ஒவ்வொன்றையும் ஆய்வாளர் கடைசியாகப் பார்த்த தேதி என்ன, எடுத்த மாதிரி எத்தனை, தவறியவை எத்தனை என்று 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை நமக்கு அனுப்பினால் அப்படியே பிரசுரிப்போம். வராவிட்டால் மனுவின் நகலையும் தேதியையும் அனுப்புங்கள், அதையும் பிரசுரிப்போம்.