முன்னுரையை விற்கும் சந்தையும் அதன் மதிப்பீட்டாளர்களும்

எழுதப்படாத ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுத முடியுமா? முடியாது என்றுதான் இலக்கிய வாசகர் எவரும் சொல்வார். முன்னுரையையும் பின்னட்டையில் உள்ள ஆசிரியர் குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு பத்துக்கு எட்டரை மதிப்பெண் போடுகிறவரை நாம் விமர்சகர் என்று அழைப்பதில்லை. பதிப்பகத்தின் விற்பனையாளர் என்போம். ஆனால் பிளாக்செயின் உலகில், இன்னும் கட்டி முடிக்கப்படாத திட்டங்களின் டோக்கன் விற்பனைக்கு முன்பாக, இதே காரியம் ‘மதிப்பீடு’ என்ற கௌரவமான பெயரில் ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே விற்பனைக்கு வைக்கப்படுவது ஒரு பிரதி. வெள்ளை அறிக்கை எனப்படும் அந்தப் பிரதியைத் தவிர, விற்பனை நாளன்று வாங்குகிறவர் ஆராய்ந்து பார்க்கப் பெரும்பாலும் வேறொன்றும் இருப்பதில்லை. ஒரு பிரதியை எப்படிப் படிப்பது என்பதில் நமக்குச் சொல்ல ஏதோ உண்டு என்று நம்புவதால் பேசுகிறோம்.

முதலில் விஷயம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிட்காயின், எதீரியம் போன்ற பொதுப் பேரேடுகளில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே சரிபார்க்கின்றன. எல்லோரும் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதால்தான் எவரையும் தனியே நம்ப வேண்டியதில்லை. வேகம் இல்லாமற் போவதும் அதனால்தான். பிட்காயினில் நொடிக்கு ஏறத்தாழ 7 பரிமாற்றங்கள். 2017இல் எதீரியத்தில் ஏறத்தாழ 15. அவ்வாண்டு டிசம்பரில் ‘கிரிப்டோகிட்டீஸ்’ என்ற பூனைப் பட விளையாட்டு ஒன்றே எதீரியம் வலையைத் திணறடித்தது. இந்த நெரிசலைத் தீர்க்கப் புறப்பட்டவையே ஸ்கேலிங் திட்டங்கள் எனப்படுபவை. வழிமுறைகள் பலவாயினும், பேரேட்டிற்கு மேலே கட்டப்படும் இவ்வகைத் திட்டங்கள் அனைத்தும் அடிப்படையில் சொல்வது ஒன்றே: எல்லோரும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டாம். அப்படியானால் யார் சரிபார்ப்பார்? அவர் பொய் சொன்னால் நம் பணம் என்னவாகும்? மதிப்பீடு என்று ஒன்று இருக்குமானால் அது தொடங்க வேண்டிய இடம் இது.

நடைமுறையில் அது எங்கே தொடங்குகிறது? குழுவினர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், ஆலோசகர் பட்டியலில் எந்தெந்தப் புகழ்பெற்ற பெயர்கள், எத்தனை கூட்டாளி நிறுவனங்களின் இலச்சினைகள், நொடிக்கு எத்தனை ஆயிரம் பரிமாற்றங்கள் என்ற அறிவிப்பு, சந்தைக்கு வந்த முதல் நாளில் விலை எத்தனை மடங்காகும் என்ற ஆரூடம். இறுதியில் மதிப்பெண். இந்த மதிப்பெண்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்குப் பொதுப்பதிவில் ஒரு சான்று உண்டு. ‘ஐ.சி.ஓ. ரேட்டிங்’ என்ற ரஷ்ய நிறுவனம், தான் மதிப்பிட்ட டோக்கன்களை வெளியிட்டவர்களிடமிருந்தே பணம் பெற்றதைச் சொல்லாமல் மறைத்தது என்று அமெரிக்கப் பங்கு, பரிவர்த்தனை ஆணையம் 2019 ஆகஸ்டில் நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், ஏறத்தாழ 2,69,000 டாலர் செலுத்தி அந்நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. கூலி வாங்கிக்கொண்டு எழுதும் மதிப்புரை நமக்குப் புதிதன்று. ஆனால் நம்மிடம் அதன் விலை ஒரு மோசமான புத்தகம்; அங்கே அதன் விலை முகம் தெரியாத ஒருவரின் சேமிப்பு.

எனினும் கூலி வாங்காத மதிப்பீட்டாளர்களும் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள் என்பதே நம்முடைய பெரிய மனக்குறை. ரெய்டன் வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த பிரெயின்பாட் நிறுவனம் உருவாக்கிய எதீரியம் ஸ்கேலிங் திட்டம் அது. 2017 அக்டோபரில் தொடங்கிய டச்சு ஏலத்தில் தன் ஆர்.டி.என். டோக்கன்களை விற்று 3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. திறமைக்கும் நேர்மைக்கும் குறைவில்லாத பொறியாளர்கள். இதை நாம் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறோம். மோசடித் திட்டத்தை மோசடி என்று சொல்வதற்கு விமர்சனம் தேவையில்லை.

ரெய்டனின் வழி மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் போன்றது. இருவர் ஒரு தொகையை எதீரியத்தில் பூட்டி வைத்துவிட்டு, அதன்பின் நடக்கும் கொடுக்கல் வாங்கலைத் தமக்குள் கையெழுத்திட்ட சீட்டுகளாக வைத்துக்கொள்வார்கள். கடைசிச் சீட்டு மட்டுமே பேரேட்டிற்கு வரும். அழகான யோசனை. பிட்காயினுக்காக இதே யோசனையை ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் 2015இலேயே லைட்னிங் என்ற பெயரில் முன்வைத்திருந்தார்கள். லைட்னிங் 2018இல் புழக்கத்திற்கு வந்தது; இன்றும் இயங்குகிறது. அதற்கென்று தனி டோக்கன் கிடையாது.

அவ்வாறாயின் ரெய்டனுக்கு மட்டும் டோக்கன் எதற்கு? மூலப் பரிமாற்றத்திற்கு அது தேவைப்படவில்லை. நாம் இணைப்பில் இல்லாதபோது நம் சீட்டைக் காவல் காப்பது, பணம் செல்லும் பாதையைத் தேடித் தருவது போன்ற துணைச் சேவைகளுக்கான கட்டணம் ஆர்.டி.என்.னில் என்றார்கள். அக்கட்டணத்தை ஈதரிலேயே கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? இந்தக் கேள்வியைக் கேட்க எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திட்ட விளக்கத்தைக் கவனமாகப் படித்திருந்தால் போதும். பணத்தை முன்கூட்டியே பூட்டி வைக்க வேண்டும், இணைப்பில் இருக்க வேண்டும் அல்லது காவலுக்கு ஆள் வைக்க வேண்டும், பணம் கைமாறுவதற்குத்தான் இது உதவும், மற்றபடி எதீரியத்தில் நடக்கும் சிக்கலான ஒப்பந்தங்களுக்கு உதவாது என்ற வரம்புகளும் அந்த வடிவமைப்பிலேயே தெரிந்தவைதாம். 2018 டிசம்பரில், வைப்புத்தொகைக்கு உச்சவரம்பு விதித்துச் சோதனை முயற்சியாக ரெய்டன் எதீரியத்தில் வெளியானது. மென்பொருள் வேலை செய்தது. பரவலான பயன்பாடு வரவில்லை. எதீரியத்தின் கவனம் ரோல்அப் என்னும் வேறு வழிக்குத் திரும்பிவிட்டது. சொன்னதைச் செய்தார்கள், ஆயினும் டோக்கனுக்குத் தேவை பிறக்கவில்லை. நல்ல எழுத்தாளர் எழுதினார் என்பதாலேயே தேவையில்லாத அத்தியாயம் தேவையானதாகிவிடாது.

அடுத்தது வேகம். நொடிக்கு இத்தனை ஆயிரம் என்று எண்ணைச் சொல்கிறவர், அந்த வேகத்திற்காக எதைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆக்சி இன்ஃபினிட்டி’ என்ற விளையாட்டிற்காக உருவான ரோனின் சங்கிலி வேகமானது, மலிவானது. அதற்கும் எதீரியத்திற்கும் இடையிலான பாலத்தைக் காத்தவர்கள் 9 சரிபார்ப்பாளர்கள். பணத்தை எடுக்க 5 கையெழுத்துகள் போதும். அவற்றில் 4 ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் ஐந்தையும் கைப்பற்றி 1,73,600 ஈதரையும் 2.55 கோடி யு.எஸ்.டி.சி. நாணயத்தையும், அதாவது ஏறத்தாழ 60 கோடி டாலரை, எடுத்துச் சென்றார்கள். ஆறு நாட்கள் எவருக்கும் தெரியவில்லை. பயனர் ஒருவர் தன் 5,000 ஈதரை எடுக்க முயன்று முடியாமற் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வேகத்தை அளந்தவர்கள் பலர். கையெழுத்துகளை எண்ணியவர்கள் சிலர்.

இங்கே நமக்குத் தயாராக ஒரு மறுப்பு வைத்திருப்பார்கள். ‘மேட்டிக்கை வாங்கியவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்களே!’ ஆனார்கள்தாம். 2017இல் மும்பையில் தொடங்கிய மேட்டிக் நெட்வொர்க், 2019 ஏப்ரலில் பைனான்ஸ் சந்தையின் வழியாகத் தன் 1,000 கோடி டோக்கன்களில் 19 சதவீதத்தை, ஒன்று 0.00263 டாலர் வீதம் விற்று, 50 லட்சம் டாலர் திரட்டியது. 2021இல் பாலிகான் என்று பெயர் மாறிய அதன் டோக்கன், அவ்வாண்டு டிசம்பரில் இரண்டரை டாலரைத் தாண்டியது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

ஆனால் விற்பனைக்கு முன் வாசகருக்குச் சொல்லப்பட்ட கதை எது? பிளாஸ்மா. பூனும் விட்டாலிக் புட்டெரினும் 2017 ஆகஸ்டில் முன்வைத்த அந்த வடிவமைப்பில், சங்கிலியை நடத்துபவர் தரவுகளை மறைத்தால் பயனர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் வெளியேற முண்டியடிக்க வேண்டிவரும் என்ற சிக்கல் இருந்தது. ஆய்வாளர்களும் அதை அப்போதே விவாதித்தார்கள். 2020இல் மேட்டிக் இயங்கத் தொடங்கியபின் மக்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது பிளாஸ்மா வழியை அல்ல, சரிபார்ப்பாளர் கையெழுத்தை நம்பும் பக்கச் சங்கிலியை. அதன் முக்கிய ஒப்பந்தங்களை மாற்ற 2021இல் 8 சாவிகளில் 5 போதும். விலை ஏறியது; ஆனால் ஏறியதற்குக் காரணம் சொன்ன வாக்கு நிறைவேறியது அல்ல. பிளாஸ்மாவை நம்பி ஒன்பது மதிப்பெண் போட்டவர் செல்வந்தர் ஆகியிருக்கலாம்; அவருடைய மதிப்பீடு தவறானதுதான். பரிசுச் சீட்டு விழுந்தவரை நாம் கணித மேதை என்று கொண்டாடுவதில்லை. 2021 டிசம்பரில் அதே டோக்கனை உச்சத்தில் வாங்கியவரை இந்த மறுப்பாளர்கள் மறந்தும் குறிப்பிடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. மதிப்போடு எதிர்கொள்ள வேண்டியது. ‘இத்தனை கேள்வி கேட்டால் புதிய முயற்சி எதுவும் முளைக்காது, ஆய்வுக்குப் பணம் வேண்டாமா?’ வேண்டும். ஆனால் பொதுமக்களுக்கு முன்கூட்டியே டோக்கன் விற்றுத்தான் ஆய்வு நடக்கும் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்லவில்லை. ஆர்பிட்ரம் 2021 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் டோக்கன் 2023 மார்ச்சில்தான் வந்தது. பிளாஸ்மா ஆய்வுக் குழு ஒன்றிலிருந்து 2020 ஜனவரியில் உருவான ஆப்டிமிசம், இயங்கும் வலையமைப்பையும் பயனர்களையும் பெற்ற பிறகே 2022இல் டோக்கன் வெளியிட்டது. இரண்டுக்கும் முதலீட்டு நிறுவனங்கள் பணம் கொடுத்தன. இழந்தால் தாங்கக்கூடியவர்கள் அவர்கள். நாவலை எழுதிய பிறகு விற்றார்கள். அதற்காக அவையும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல: பொய்க் கணக்கை எவரும் நிரூபித்து மறுக்கலாம் என்பதே ஆப்டிமிசம் வகை ரோல்அப்பின் உயிர்நாடி; அவ்வசதி அதன் முதன்மை வலையில் 2024 ஜூனில்தான் செயலுக்கு வந்தது.

நல்ல மதிப்பீடு சாத்தியமே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. எல்2பீட் என்ற ஆய்வுத் தளம் 2023 முதல் ரோல்அப்களைப் படிநிலை 0, 1, 2 என்று வகைப்படுத்துகிறது. வேகத்தையோ விலையையோ வைத்தல்ல. நடத்துபவர் ஏமாற்றினால் பயனர் தாமாகவே வெளியேற முடியுமா, விதிகளை மாற்றும் சாவி எத்தனை பேர் கையில் என்பதை வைத்து. இயங்கும் திட்டங்களுக்குக் கேட்கும் இக்கேள்விகளை, இன்னும் இயங்காத திட்டத்தின் வெள்ளை அறிக்கையிடமும் கேட்கலாம். கேட்டால், பல அறிக்கைகள் அந்த இடத்தில் மௌனமாகிவிடுவதைக் காணலாம். எந்த இடத்தில் பிரதி மௌனமாகிறது என்று கவனிப்பதுதானே வாசிப்பின் முதல் பயிற்சி?

டோக்கன் என்ற சொல் நம் மக்களுக்குப் பழக்கமானது. ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் அது வரிசையில் நமக்குரிய இடத்தைக் குறிப்பது. உள்ளே அரிசியோ மருத்துவரோ இருப்பது உறுதி என்ற நம்பிக்கையில்தான் நாம் அதை வாங்கி நிற்கிறோம். மதிப்பீட்டாளர் என்று தம்மை அழைத்துக்கொள்கிறவர் செய்ய வேண்டியது, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வரிசையில் நிற்பவரிடம் உண்மையைச் சொல்வது. இந்த டோக்கன் இல்லாமல் இத்திட்டம் இயங்குமா, வேகத்திற்காக யாரை நம்பச் சொல்கிறார்கள், கட்டி முடிக்கும் முன் ஏன் விற்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பிரதியிலிருந்தே பதிலை எடுத்துக் காட்டட்டும். காட்ட இயலாதெனில் ‘இதில் பதில் இல்லை’ என்று எழுதட்டும். அந்த ஒரு வரி, வரிசையில் நிற்பவருக்கு எட்டரை மதிப்பெண்ணைவிடப் பயன்படும்.