பிறர் வாசலும் நம் நாயும்

அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்தலே ஊர் வாழ்க்கையின் அடிப்படை. பெரும்பூசல்கள் யாவும் பெருங்காரணங்களால் விளைவன அல்ல. வேலியோரத்து முருங்கைக் கிளையும், குழாயடிக் குடமும், காலையில் உலவச் செல்லும் ஒரு நாயும் இரு குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கச் செய்துவிடும். இவற்றுள் இறுதியாகக் கூறியதைப் பற்றியே ஈண்டுச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறோம். பொருள் சிறிதென்று எவரும் புறக்கணித்துவிட வேண்டா.

மேலைநாட்டு வீடுகளின் முன்னே புல்வெளி உண்டு. அங்கே அயலார் நாய் அசுத்தம் செய்தல் பெருங்குற்றமாகக் கருதப்படும். நாய்க்கழிவை வளர்ப்பவரே அள்ள வேண்டுமென்று நியூயார்க் நகரில் 1978-ஆம் ஆண்டிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாயில்பட்டி போன்ற நம் கரிசல் மண் ஊர்களில் புல்வெளிக்கு இடம் ஏது? ஆயினும் நமக்கு வாசல் உண்டு. பட்டாசு ஆலைக்குப் பணிக்குச் செல்லும் பெண் விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்ட பின்னரே அடுப்பை மூட்டுகிறாள். அக்கோலத்தின்மீது ஒரு நாய் காலைத் தூக்க, அதன் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் வேறெங்கோ நோக்கி நின்ற காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அப்பெண் வைதது நாயை; வைதிருக்க வேண்டியதோ நாயை அன்று!

நாய் வளர்ப்பதை நாம் குறைகூற வரவில்லை. ஞமலி, ஞாளி என்று பண்டைத் தமிழர் பெயரிட்டு வளர்த்த உயிர் அது. இராசபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இத்தகைய பெருமைக்குரிய மண்ணில், நாயை நடத்திச் செல்லும் முறையும் பெருமைக்குரியதாக இருத்தல் வேண்டாமா?

இஸ்லாம் நாயை வெறுக்கச் சொல்கிறது என்று சிலர் கருதுவர். அது முழுமையான கூற்றன்று. திருக்குர்ஆனின் அல்-கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைத் தோழர்களோடு அவர்தம் நாயும் இடம்பெறுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலணியில் நீர் முகந்து, அதை வாயால் கவ்வி மேலேறி வந்து புகட்டியவருக்கு இறைவன் மன்னிப்பருளினான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதே வேளையில், நாயின் ஈரம் பட்டால் ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டுமென்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். உளூச் செய்து சுபுஹுத் தொழுகைக்கு நடந்து செல்லும் பெரியவரின் ஆடையை நாய் முகருமாயின் அவருக்கு நேரும் இடர் எத்தகையது என்பதை வளர்ப்பவர் உணர்தல் வேண்டும். கோலமிட்ட பெண்ணின் மனக்குறையும் தொழுகைக்குச் செல்பவரின் மனக்குறையும் வேறுவேறு அல்ல. தூய்மையைப் பேண விழையும் இரு உள்ளங்களின் ஒரே குறையே அது.

இனி, செய்யத்தக்கன யாவை? முதலாவது, கயிறு குறுகியதாய், கை பிடிப்பதாய் இருத்தல் வேண்டும். மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை கேட்க வல்லது. வெடியோசை மிகுந்த நம் வட்டாரத்தில் எந்த நொடியும் நாய் மிரண்டு ஓடக்கூடும். ஆகவே, தீபாவளி நாள்களிலும் திருவிழா இரவுகளிலும் அதனை வெளியே அழைத்துச் செல்லாதிருத்தல் நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இரண்டாவது, வாசல்களைக் கடக்கையில் நாயைத் தெருவின் நடுப்பக்கமாக நடத்திச் செல்லல் வேண்டும். உணவு நேரம் ஒழுங்குபட்டால் கழிவு நேரமும் ஒழுங்குபடும். முதலில் ஊர்ப்புறத் தரிசுக்கு அழைத்துச் சென்றுவிட்டால் தெருவில் தொல்லை இராது. தவறி நேர்ந்துவிடின், கையில் கொண்டுசென்ற பழைய செய்தித்தாளால் அள்ளி, குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். நாய்க்கழிவிலிருந்து உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் கலந்து, அம்மண்ணில் விளையாடும் குழந்தைகளைத் தாக்கும் என்பது மருத்துவ உண்மை.

மூன்றாவது, தடுப்பூசி. வெறிநாய்க்கடிக்கு எதிரான ஊசியை லூயி பாஸ்டர் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தியது 1885-இல். இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னும் ஊசி போடாத நாயைத் தெருவில் நடத்திச் செல்லல் மன்னிக்கத்தக்கதன்று. 2024-ஆம் ஆண்டு மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் வளர்ப்பு நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய நிகழ்வை நாடே அறியும். விலங்கினால் பிறருக்கு ஊறு நேராதவாறு காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதச் சிறை வரை தண்டனை விதிக்க, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

கடமை வளர்ப்பவருக்கு மட்டும் உரியதன்று. கயிற்றில் ஒழுங்காக நடந்து செல்லும் நாயின்மீது கல்லெறிதலும், அதன் காலடியில் வெடி கொளுத்திப் போட்டு நகைத்தலும் கொடுமை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. குறை இருப்பின் வளர்ப்பவரிடம் இனிய சொல்லால் எடுத்துரைப்பதே முறை.

சட்டம் தெருவில் எப்போதும் நம்முடன் நடந்து வருவதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையோ ஒவ்வொரு வாசலிலும் நம்மை எதிர்நோக்கி நிற்கிறது. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணும் அளவிற்கு வானவர் ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். நாய் அறியாது, அதனால் அது குற்றமற்றது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் அறிவார். அவ்வறிவின்படி நடத்தலே கல்வியின் பயன் என்பதை நம் மாணவச் செல்வங்கள் தம் தெருவிலேயே மெய்ப்பித்துக் காட்டுவார்களாக!