இலண்டன்–கல்கத்தா பேருந்தும் ‘எல்லையற்ற காலம்’ என்னும் கற்பனையும்

1957 ஏப்ரல் 15 அன்று இலண்டனிலிருந்து புறப்பட்ட ‘இண்டியாமேன்’ பேருந்து, துருக்கியையும் ஈரானையும் கடந்து ஜூன் 5 அன்று கல்கத்தாவை அடைந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. அதன் ஒளிப்படத்தைப் பகிர்வோர், எல்லைகள் தடையாக இராத பொற்காலத்தின் சான்றாக அதனைக் கொண்டாடுகின்றனர். பயண இலக்கிய ஆய்வாளர் சிலரும் இதற்கு உடன்படுவது வியப்பளிக்கிறது.

அந்தப் பொற்காலம் யாருடையது? 1952 அக்டோபரிலேயே இந்தியாவுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாகிவிட்டன. கல்கத்தாவாசிக்குப் பக்கத்திலிருந்த குல்னா வெளிநாடாயிற்று. குழந்தைகளோடு எல்லை கடந்த அகதிக் குடும்பங்கள் சியால்டா நிலைய நடைமேடைகளில் குடியிருந்தன. அவையும் குடும்பப் பயணங்களே. ஆயினும் பயண வரலாற்றில் அவற்றுக்கு இடமில்லை. இந்தியக் குடிமகனுக்கோ கடவுச்சீட்டு அரசின் விருப்புரிமையாகவே இருந்தது. சத்வந்த் சிங் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே வெளிநாடு செல்வது அடிப்படை உரிமையாயிற்று.

வேறுபாடு இன்றும் நீங்கவில்லை. ஐரோப்பியக் குடும்பம் ஷெங்கன் நாடுகளைப் பெரும்பாலும் தணிக்கையின்றிக் காரில் கடக்கிறது. அதே சாலைகளில் செல்ல விரும்பும் கொல்கத்தாக் குடும்பம், கைக்குழந்தைக்கும் தனி விசா கோரி, வங்கிக் கணக்கைக் காட்டிக் காத்திருக்கிறது. பயணத்தை விடுதலையென்று எழுதுவோர், அப்பேருந்தில் ஏற இயலாதிருந்தோர் யாரென்பதையும் எழுதுதல் வேண்டும்.